இறுகுது, பூக்குது, உருகுது: புதுச்சேரி அடுக்களையில் மூலிகை வீகன் சாக்லேட்

சாக்லேட் செய்முறை எதை எடுத்தாலும் "அறை வெப்பநிலையில் இறுக விடவும்" என்று ஒரு வரி இருக்கும். எழுதியவரின் அறை 20 டிகிரியில் இருந்திருக்கும். முத்தியால்பேட்டையில் மே மாதப் பிற்பகலில் அடுக்களை 35 டிகிரியைத் தாண்டி நிற்கும். கடலூர் முதுநகரிலும் அதே கதைதான். கடலோரம் என்பதால் காற்றில் ஈரம் வருஷம் முழுக்கக் குறைவதில்லை. சாக்லேட்டுக்கு ஆகாதவை சூடும் தண்ணீரும். இரண்டும் இங்கே கேட்காமலே கிடைக்கும்.

மூலிகை சேர்க்க நினைத்தால் தண்ணீர் இன்னொரு வாசல் வழியாகவும் நுழைகிறது. பறித்த துளசியிலும் புதினாவிலும் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். அதனால் எது கெட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீரால் கெட்டதா, சூட்டால் கெட்டதா என்பதை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றின் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

கீழே வருவது இரண்டு பண்டங்களைப் பற்றியது. மூலிகை மணம் ஏற்றிய கோகோ பட்டர் (கோகோ விதையின் கொழுப்பு) கலந்த டார்க் சாக்லேட் பார் ஒன்று. தேங்காய்ப்பாலில் மூலிகையை ஊறவைத்து, அதில் சாக்லேட்டைக் கலந்து செய்யும் கனாஷ் உருண்டை மற்றது. மூலிகை என்று சொல்வதும் துளசி, புதினா, எலுமிச்சைப் புல், கறிவேப்பிலை, கற்பூரவல்லி, வெட்டிவேர் என்று அடுக்களைக்குள் வரும் சரக்கைத்தான். மருந்துக் கணக்கு எதுவும் இதில் இல்லை.

உருக்கும்போதே கட்டிகட்டியாக மாட்டிக்கொண்டது

பளபளவென்று உருகிக்கொண்டிருந்த சாக்லேட் திடீரென்று மங்கி, கரண்டியில் சேறு போல ஒட்டிக்கொள்கிறதா? தண்ணீர்தான், சந்தேகமே வேண்டாம். உருகிய சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் சர்க்கரைத் தூளும் கோகோத் தூளும். ஒரு டீஸ்பூன் தண்ணீர் விழுந்தால் போதும், சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கும் டபுள் பாய்லரில், மேல் கிண்ணத்தின் ஓரமாக ஏறும் ஆவி, கழுவித் துடைக்காத ஸ்பாட்டுலா, ஈர மரக்கரண்டி, எல்லாவற்றுக்கும் மேலாக, "கொஞ்சம் வாசனைக்கு" என்று நேரே போட்ட பச்சைத் துளசி. இலையை உருகிய சாக்லேட்டில் நேரடியாகப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். மூலிகை கொழுப்பு வழியாக வர வேண்டும், இல்லையென்றால் தேங்காய்ப்பால் வழியாக வர வேண்டும். மூன்றாவது வழி, நொறுங்க உலர்த்தி மாவாகப் பொடித்தது.

மாட்டிக்கொண்ட சாக்லேட்டைப் பாராக ஊற்றும் ஆசை வேண்டாம். சிலர் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தளர்த்தப் பார்ப்பார்கள். தளரும், ஆனால் பாராக இறுகும் குணம் போய்விடும். சரியான வழி கேட்க விசித்திரமாக இருக்கும்: இன்னும் தண்ணீர் சேர்ப்பது. 100 கிராமுக்கு 30 முதல் 40 மில்லி சூடான தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் சர்க்கரை முழுக்கக் கரைந்து, கலவை மறுபடி வழவழப்பாகும். இப்போது கையில் இருப்பது கனாஷ். உருண்டை பிடியுங்கள், கேக் மேல் ஊற்றுங்கள், வாழைப்பழத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவைக்கு: அடியில் உள்ள தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஆவி மெல்ல எழுந்தால் போதும். மேல் கிண்ணம் கீழ்ப் பாத்திரத்தை விட அகலமாக இருக்கட்டும். மைக்ரோவேவ் இருந்தால் இந்த ஊருக்கு அதுவே மேல். பாதிச் சக்தியில் 20 விநாடி, கிளறல், மறுபடி 20 விநாடி. ஆவி என்ற பேச்சே கிடையாது.

கெட்டியாவதற்கு இன்னொரு காரணம் கருகுவது. டார்க் சாக்லேட்டை 55 டிகிரிக்கு மேல் விட்டால் திரிதிரியாகும், கருகல் வாடையும் வரும். மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு மாற்று இல்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.

இறுகவே இல்லை, அல்லது கைபட்டதும் உருகுகிறது

இந்த ஊரில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். மூன்று காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சாக்லேட்டில் குற்றமே இல்லை, அறையில்தான். கோகோ பட்டர் நன்றாக இறுகினாலும் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும்; வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். அடுக்களை 33 டிகிரியில் இருந்தால் உலகத்தரச் சாக்லேட்டானாலும் இறுகாது. ஏசி உள்ள அறையில் 22 டிகிரி வைத்து, அரை மணி நேரம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். அச்சு, தட்டு, கத்தி எல்லாம் அந்த அறையிலேயே ஆறியிருக்கட்டும். விடியற்காலையில் செய்தால் ஏசி வேண்டாம் என்பார்கள். மார்கழி, தை மாதங்களில் அது சரி. சித்திரை, வைகாசியில் விடியற்காலையே 27 டிகிரிக்குக் குறைவதில்லை, அந்த உபாயம் பலிக்காது. ஏசி இல்லாத வீட்டில் கோடையில் பார் செய்வதை விட்டு, ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடும் உருண்டைகளோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, தேங்காய் எண்ணெய். வீகன் சாக்லேட் (பால் போன்ற விலங்குப் பொருள் சேராதது) என்று தேடினால் கிடைக்கும் எளிய செய்முறை கோகோ பவுடர், தேங்காய் எண்ணெய், இனிப்பு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும். நம் வீட்டில் அது பாட்டிலில் உறைவது மார்கழிக் குளிரில் சில நாள். அதை வைத்துச் செய்த பார் மேசையில் நிற்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கோகோ பட்டரோடு கலந்தால் இன்னும் சிக்கல். இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாது. சேர்ந்தால் இரண்டுமே இளகும். 100 கிராம் சாக்லேட்டில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மாற்றாக, உணவுத்தரக் கோகம் பட்டர் கிடைத்தால் வாங்கி வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கோகம் பழ விதையிலிருந்து எடுப்பது. கோகோ பட்டரோடு ஒத்துப்போகும், உருகுநிலையும் அதைவிட அதிகம், 38 டிகிரிக்கு மேல். 100 கிராமுக்கு 5 கிராம் சேர்த்தால் பார் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் வாயில் மெழுகாக நிற்கும். அழகு சாதனத்துக்கென விற்பதை வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, டெம்பரிங், அதாவது உருக்கி, ஆற்றி, மறுபடி லேசாகச் சூடேற்றிப் பதப்படுத்துவது, சரியாக வரவில்லை. கோகோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பும், ஒடித்தால் வரும் 'டக்' சத்தமும் தருவது. மற்றவை மங்கலாக, பிசுபிசுப்பாக நிற்கும். அவற்றில் பல 30 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். செய்யும் முறை: 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். மீதியை, மூலிகை ஏற்றிய கோகோ பட்டரோடு சேர்த்து 45 முதல் 48 டிகிரி வரை உருக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, எடுத்து வைத்ததைப் போட்டு விடாமல் கிளறி, 28 டிகிரிக்கு ஆறவிடுங்கள். பிறகு மெல்ல 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றி, அச்சில் ஊற்றுங்கள். 33 டிகிரியைத் தாண்டிவிட்டால் நல்ல படிகமும் கரைய ஆரம்பிக்கும், மறுபடி முதலிலிருந்துதான்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இல்லாமலும் செய்யலாம், உதட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்து: லேசாகக் குளிர்ந்தால் சரி. ஆனால் அது அனுபவம் கேட்கிற வேலை. சில நூறு ரூபாய்க்கு வரும் கருவியை வாங்காமல், அதைவிட விலை அதிகமான சாக்லேட்டைக் கெடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. சோதனைக்கு, கத்தி முனையை முக்கி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்போடு இறுகினால் ஊற்றலாம்.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது

பூஞ்சையோ என்று பயந்து தூக்கிப் போடுபவர்கள் உண்டு. வெறும் சாக்லேட் பாரில் அநேகமாக அது பூஞ்சையாக இருக்காது. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக உருகி மறைந்தால் கொழுப்பு மேலே வந்திருக்கிறது. டெம்பரிங் கோளாறு, அல்லது உருகி மறுபடி இறுகியது. சொரசொரப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் மறைந்தால் அது சர்க்கரை: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே வேர்த்த ஈரம் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் படிந்தது.

முதல் வகையை மறுபடி உருக்கி டெம்பர் செய்தால் சரியாகிவிடும். இரண்டாவது வகையை உருக்கினாலும் சொரசொரப்பு போகாது. கேக்கிலோ கனாஷிலோ சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். வராமல் இருக்க, இறுகிய பாரைத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே விட வேண்டும். வேர்ப்பது டப்பாவின் வெளிப்புறத்தோடு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த விதியைத் தளர்த்தவே கூடாது.

உள்ளே முந்திரி விழுது வைத்த சாக்லேட் சில வாரத்தில் பூப்பது வேறு. முந்திரியின் எண்ணெய் மெல்ல வெளியே ஊறி வருகிறது. மேல் ஓட்டைச் சற்றுத் தடிமனாக ஊற்றினால் தள்ளிப்போகும். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அச்சை விட்டு வரவில்லை

டெம்பரிங் சரியாக இருந்தால் சாக்லேட் இறுகும்போது சுருங்கித் தானே கழன்றுகொள்ளும். வரவில்லையென்றால் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துத் தட்டுங்கள். அப்போதும் வராவிட்டால், இறுகாததற்கு மேலே சொன்ன மூன்றாவது காரணத்துக்குப் போங்கள். அச்சில் எண்ணெய் தடவாதீர்கள்.

மணமே வரவில்லை

டார்க் சாக்லேட் முரட்டுச் சுவை. 80 சதவீத கோகோவில் துளசி அடிபட்டே போகும். 55 முதல் 65 சதவீதம் வரை உள்ளதில்தான் மூலிகை தலைகாட்டும். எந்த மூலிகையை எதில் ஊறவைக்கிறோம் என்பதும் முக்கியம்.

பாருக்கு, உலர்ந்த மூலிகைதான். 100 கிராம் கோகோ பட்டரை உருக்கி, 6 முதல் 8 கிராம் உலர்ந்த புதினாவோ துளசியோ போட்டு, 60 டிகிரி வெந்நீரில் கிண்ணத்தை மூடி வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். சூடாக இருக்கும்போதே மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். இதில் 8 முதல் 10 கிராம் எடுத்து 100 கிராம் சாக்லேட்டில் சேர்த்தால் மணம் தெளிவாகத் தெரியும். சேர்த்தும் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டாமல், அதே கோகோ பட்டரில் புதிதாக மூலிகை போட்டு இரண்டாம் முறை ஊறவையுங்கள். கொழுப்பைக் கூட்டினால் பார் நீர்த்துப் போகும்.

உலர்ந்தது என்றால் இலை விரலில் நொறுங்க வேண்டும், காம்பு டக்கென்று ஒடிய வேண்டும். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் மணம் முதலில் பறந்துவிடும், நிழல்தான் சரி. மழைக்காலத்தில் நிழலில் காயாது, பூஞ்சை பிடிக்கும். அப்போது இலையைக் கழுவித் துடைத்து, தாளில் பரப்பி, ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் திறந்தபடி இரண்டு மூன்று நாள் விடுங்கள். நிறமும் மணமும் நின்று காயும்.

கறிவேப்பிலை ஊறவைத்தால் ஏமாற்றும். அதை வெறும் வாணலியில் சிறு தீயில் மொறுமொறுப்பாக வறுத்து, மாவாக அரைத்து, சலித்து, உப்போடு சேர்த்து பாரின் மேல் தூவினால்தான் அதற்கு மரியாதை. எலுமிச்சைப் புல் தேங்காய்ப்பாலுக்குரியது. அடித்தண்டை நசுக்கிப் போட்டு கால் மணி நேரம் மெல்லச் சூட்டில் விட்டால் போதும். கற்பூரவல்லி இலை தண்ணீர்ப் பை, வாசமும் ஆளை அடிக்கும். 100 மில்லி தேங்காய்ப்பாலுக்கு இரண்டு இலை, அதற்கு மேல் ஜலதோஷக் கஷாயம் நினைவுக்கு வந்துவிடும்.

என் விருப்பத்தைக் கேட்டால் வெட்டிவேர். கடலூர் மாவட்டத்தின் கரையோர மணல் நிலங்களில் பயிராவது, நமக்குப் பக்கத்துச் சரக்கு. மண்வாசம் கோகோவின் கசப்போடு அத்தனை பொருத்தமாகச் சேர்கிறது. மணல் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, துண்டுதுண்டாக வெட்டி கோகோ பட்டரில் போடுங்கள். வேர் என்பதால் சட்டென்று மணத்தை விடாது. 60 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. பூக்கடையில் மாலை கட்ட வரும் துளசி, மரு, தவனம் எதையும் சாக்லேட்டில் போடாதீர்கள். சாப்பிடுவதற்கென்று விளைவித்ததல்ல, என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டுத் தொட்டியில் இரண்டு செடி வைத்தாலே போதும்.

மணம் வந்தது, ஆனால் கசக்கிறது, புல் வாடை அடிக்கிறது

கொதிக்க விட்டிருக்கிறீர்கள், அல்லது அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள். இலையின் மணம் முதலில் வெளியே வரும், துவர்ப்பும் கசப்பும் பின்னால் வரும். பச்சைப் புதினாவுக்குச் சூடே ஆகாது: குளிர்ந்த தேங்காய்ப்பாலில் கசக்கிப் போட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டினால் சுத்தமான மணம். துளசி சூட்டைத் தாங்கும். அதில் உள்ள யூஜெனால் என்ற மணப்பொருள்தான் கிராம்பிலும் இருப்பது, அதனால் சற்றுக் காரசாரமாகும். கால் மணிக்கு ஒருமுறை ருசி பாருங்கள். கசந்துவிட்டதைச் சரிசெய்ய, மூலிகை சேராத சாக்லேட்டைச் சம அளவு கலந்து, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையைக் கொட்டுவதால் கசப்பு ஒளியாது.

கனாஷில் எண்ணெய் பிரிந்து மிதக்கிறது

தேங்காய் முதல் பால் கொழுப்பு மிகுந்தது, சாக்லேட்டும் கொழுப்பு. இரண்டும் சேரும்போது அவற்றைப் பிடித்து வைக்கத் தண்ணீர் போதாமல் பிரிகிறது. எல்லோரும் இன்னும் கொஞ்சம் முதல் பாலை ஊற்றுவார்கள், நிலைமை மோசமாகும். வெதுவெதுப்பான இரண்டாம் பாலை ஒவ்வொரு கரண்டியாக நடுவில் விட்டு, நடுவிலிருந்து வெளியே சுழற்றிக் கலக்குங்கள். கலவை 35 முதல் 40 டிகிரியில் இருக்க வேண்டும். ஹாண்ட் பிளெண்டர் இருந்தால் அரை நிமிடத்தில் சேர்ந்துவிடும்.

நம் வெயிலுக்கு 200 கிராம் சாக்லேட்டுக்கு 80 முதல் 100 மில்லி பால் போதும். வெளியூர்ச் செய்முறையில் சரிக்குச் சரி ஊற்றச் சொல்வார்கள். இங்கே உருண்டை பிடிக்க வராது. பாலைத் தளதளவென்று கொதிக்கவும் விடாதீர்கள், அப்போதே திரிந்துவிடும்.

நாக்கில் நறநறக்கிறது

நாட்டுச் சர்க்கரையோ பனைவெல்லப் பொடியோ நேரே சாக்லேட்டில் சேர்த்திருப்பீர்கள். அவை கொழுப்பில் கரையாது, கூடவே ஈரத்தையும் இழுத்து வரும். பனைவெல்லம் வேண்டுமென்றால் தேங்காய்ப்பாலில் கரைத்து, மணல் போக வடிகட்டி, கனாஷில் மட்டும் சேருங்கள். மூலிகைப் பொடியைச் சலிக்காமல் போட்டாலும் நறநறக்கும்.

கோகோ விதையிலிருந்தே செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: பல நாடுகளில் சிறிய சாக்லேட் தயாரிப்பாளர்கள் அரைக்கப் பயன்படுத்துவது நம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை மாற்றியமைத்த கருவியைத்தான். துகள் 25 மைக்ரான் அளவுக்கு நைஸாக ஒரு நாள், இரண்டு நாள் தொடர்ந்து ஓட வேண்டும். அதற்காக வீட்டு இட்லி கிரைண்டரை அப்படி ஓட்டிவிடாதீர்கள். மோட்டார் தாங்காது, உளுந்தின் ஈரமும் கல்லில் இருக்கும்.

சிக்கு வாடை, புளித்த வாடை

சிக்கு வாடை என்றால் முந்திரி பழசு. பண்ருட்டி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்ததைப் போடுவானேன்? புளித்த வாடை என்றால் தேங்காய்ப்பால் கெட்டிருக்கிறது. வீட்டில் பிழிந்த பாலில் செய்த கனாஷ் ஃப்ரிட்ஜில் நான்கு நாள், அதோடு சரி. வெளியே வைத்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

வாடையே வராத ஆபத்து ஒன்று உண்டு. பச்சை இலையை எண்ணெயிலோ கோகோ பட்டரிலோ மூழ்க வைத்து வெளியே பத்திரப்படுத்துவது. காற்றில்லாத கொழுப்புக்குள் ஈரம் இருந்தால் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. நிறத்திலும் ருசியிலும் தெரியாது. அதனால்தான் முழுக்க உலர்ந்த மூலிகை, வடிகட்டல், ஃப்ரிட்ஜ் என்று இத்தனை வற்புறுத்தல்.

வீகன் என்று செய்தது, பால் சேர்ந்திருக்கிறது

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அவ்வளவே. பாலும் அதில் அடக்கம். டார்க் என்று எழுதிய பலவற்றில் பால் திடப்பொருளோ பட்டர் ஆயிலோ இருக்கும், கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த, விலை குறைந்த காம்பவுண்ட் சாக்லேட்டில் இன்னும் அதிகம். பொருள் பட்டியலைப் படியுங்கள். சோயா லெசித்தின் இருந்தால் பரவாயில்லை, அது சோயாவிலிருந்து எடுப்பது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிமுறைப்படி வீகன் உணவுக்குத் தனி முத்திரை உண்டு, பச்சை நிற வி எழுத்தும் இலையும் உள்ளது. ஆரோவில் பக்கம் விதையிலிருந்தே செய்யும் பால் சேராத டார்க் பார்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல், ஆனால் மூலிகை மணம் எடுத்துக்காட்ட அதுதான் நன்றாக வரும்.

கொண்டுபோகும் வழியில் உருகுகிறது

கடலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போதும், பை குழம்பாகிவிடும். பாரைத் தாளில் சுற்றி டப்பாவில் அடைத்து, டப்பாவைத் துண்டில் சுற்றி, அதன் வெளியே ஐஸ் பேக் வையுங்கள். ஐஸ் நேரே டப்பாவில் பட்டால் உள்ளே வேர்க்கும். காலை முதல் பஸ்ஸோ, இருட்டின பிறகோ கிளம்புங்கள். போய்ச் சேர்ந்த வீட்டில், "ஒரு மணி நேரம் கழித்துத் திறங்க" என்று சொல்லிக் கொடுங்கள்; குழந்தைகள் உள்ள வீடென்றால் டப்பாவை நீங்களே வைத்திருப்பது உத்தமம்.